பால் பதம்

குருவுக்கு வயது முப்பத்திரண்டு. சிஷ்யைக்கு ஐம்பத்தொன்பது.

குருவின் பெயர் மாதவி. ஈரோடு கொல்லம்பாளையத்தில், ரயில் பாதையைப் பார்த்த மாதிரி ஒரு மாடி அறை அவளுடையது. ரயில், கப்பல், விமானம் என்று எதையும் ஒரு சாண் அளவுக்குச் சுருக்கிச் செய்வாள். அசலில் ஒரு ஆணித்தலை இருந்தால் இதிலும் இருக்கும். ஆசைப்பட்டு வருகிறவர்களுக்குச் சொல்லியும் கொடுப்பாள். அதிகம் பேச மாட்டாள்.

சிஷ்யையின் பெயர் பாவாத்தாள். ரெண்டு எருமை வைத்து, வீடு வீடாகப் பால் ஊற்றுகிறவள். முப்பத்தொரு வருஷமாக அவள் பாலில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்ததில்லை. இதை அவள் சொல்ல வேண்டியதில்லை. தெருவே சொல்லும்.

அவள் மகள் கோகிலா ரயில் ஓட்டுகிறாள். ஆறு வருஷம் துணை ஓட்டுநராகப் பக்கத்து சீட்டில் இருந்தாள். போன மாதம்தான், முதல் தடவையாக, தானே ஓட்டுநராக ஒரு சரக்கு ரயிலைக் கொண்டுவந்தாள். அந்த இஞ்சின் முன்னால் நின்று ஒரு போட்டோ எடுத்து அம்மாவுக்கு அனுப்பினாள். பச்சை இஞ்சின். அதன் நெற்றியில் ஐந்து இலக்கத்தில் எண்.

பாவாத்தாள் அந்தப் போட்டோவோடு மாடி ஏறி வந்தாள்.

“இதே மாதிரி ஒரு இஞ்சின் வேணும் கண்ணு. அடுத்த ஞாயித்துக்கிழமை புள்ள வீட்டுக்கு வருது. அது கையில குடுக்கோணும்.”

“செஞ்சு தர்றனுங்க்கா.”

“நீ செஞ்சு தந்தா அது கடையில வாங்குன மாதிரி. நான் பண்ணோணும்.”

மாதவி அவள் கைகளைப் பார்த்தாள். கறந்து கறந்து கட்டைவிரல் ரெண்டும் வெளிப்பக்கமாக வளைந்திருந்தன.

“இஞ்சின் உடம்பை நான் பண்ணிடறேன். பெயிண்ட் நீங்க அடிங்க.”

“அவ்வளவுதான? பொங்கலுக்குப் பொங்கல் வீட்டுக்கு வெள்ளையடிக்கறவதான நானு.”

மூலையில் உட்கார்ந்து விமானம் செய்துகொண்டிருந்த ஷாஜகான் பாய் சிரித்தார். லுங்கி மொத்த வியாபாரி. மத்தியானம் கடையை மகனிடம் விட்டுவிட்டு இங்கே வந்துவிடுவார்.

“பால்காரம்மா, இதுக்கு மட்டை பிரஷ்ஷெல்லாம் ஆகாது” என்றார்.

மாதவி ஏர் பிரஷ்ஷை எடுத்துக் காட்டினாள். பேனா மாதிரி ஒரு கருவி. தலையில் சின்னதாக ஒரு கிண்ணம். அதில் பெயிண்டை ஊற்றி விரலால் அழுத்தினால், கம்ப்ரஸர் காற்று அந்தப் பெயிண்டை மூடுபனி மாதிரி ஊதும்.

“புட்டியில இருக்கற பெயிண்ட் கெட்டி. அப்படியே ஊத்துனா வராதுங்க. இந்தத் தின்னரைக் கலக்கோணும். பால் பதம் வரணும்.”

“எந்தப் பாலு?”

மாதவிக்குக் கேள்வி புரியவில்லை. இதுவரை வந்தவர்கள் யாரும் இதைக் கேட்டதில்லை.

“பாலுங்க்கா. சும்மா, பாலு.”

“சும்மா பாலுன்னா? சீம்பால் ஒரு பதம். பசும்பால் ஒரு பதம். எருமையில காலைக் கறவை வேற, பொழுதோடக் கறவை வேற. ஒரே கறவையில முதல்ல பீச்சுறது தண்ணியா வரும், கடைசியில பீச்சுறது கெட்டியா வரும். இதுல எது?”

“வாத்தியாரம்மா, நல்லா மாட்டிக்கிட்டீங்க” என்றார் பாய்.

மாதவி கொஞ்சம் யோசித்தாள். “நீங்க தினமும் பாக்கற பாலுங்க்கா” என்றாள்.

பாவாத்தாள் தலையாட்டினாள். அது அவளுக்குத் தெரிந்த பதம்.

காலைக் கறவைக்கும் மாலைக் கறவைக்கும் நடுவில் தினமும் வந்தாள். பழகிப் பார்ப்பதற்குப் பிளாஸ்டிக் ஸ்பூன்கள் ஒரு கட்டு. பெயிண்டில் ரெண்டு சொட்டுத் தின்னர் விடுவாள், குச்சியால் கலக்குவாள், கிண்ணத்தில் ஊற்றி அழுத்துவாள்.

கருவி ஊதவில்லை. துப்பியது.

துப்பும், நிற்கும், மறுபடி துப்பும். பிறகு ஊசி முனையில் பெயிண்ட் காய்ந்து அடைத்துக்கொள்ளும். மாதவி கழற்றிக் கழுவிக் கொடுப்பாள். மறுபடி துப்பும். நாலு நாளில் பதினோரு ஸ்பூன் போயிற்று.

“அம்மை போட்ட மாதிரி இருக்குதுங்களே ஒவ்வொரு ஸ்பூனும்” என்றார் பாய்.

“உங்க பிளேனு மட்டும் பறக்குதாக்கும்? மூணு மாசமா ஒத்தை றெக்கையத் தடவிக்கிட்டு இருக்கறீங்க.”

“றெக்கை வழவழன்னு ஆகணுமில்ல?”

“ஆகட்டும் ஆகட்டும். பேரன் பேத்தி வந்து ஓட்டட்டும்.”

வியாழக்கிழமை மாதவி இஞ்சின் உடம்பைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள். சாம்பல் நிறம். பக்கவாட்டில் சீப்புப் பல் மாதிரி காற்றுத் துவாரங்கள். கதவோரம் ஆணித்தலைகள். நெற்றியில் அந்த ஐந்து எண்ணும், எள் அளவு உயரத்தில், மேடாக எழும்பி இருந்தன.

பாவாத்தாள் முந்தானையில் விரலைத் துடைத்துக்கொண்டு எண்ணைத் தொட்டுப் பார்த்தாள்.

“அம்மா தாயே” என்றாள். “அப்படியே இருக்குதே.”

“இது ஒண்ணுதாங்க்கா. இன்னொண்ணு பண்ண நாளில்லை.”

“கெடுத்துப்போட்டன்னா?”

மாதவி அலமாரியிலிருந்து ஒரு பழைய பெட்டியை எடுத்தாள். ரயில் பெட்டிதான். யாரோ பெயிண்டைக் கெட்டியாக அடித்தது. அதன் மேல் விரலை வைத்துப் பாவாத்தாளிடம் நீட்டினாள்.

“இதுல எண் எங்கே இருக்குதுன்னு பாருங்க.”

பாவாத்தாள் தடவினாள். மொழுமொழுவென்று இருந்தது. எண் உள்ளே எங்கேயோ புதைந்து போயிருந்தது.

அன்றைக்கு அவள் ஸ்பூனைத் தொடவில்லை. போட்டோவை மட்டும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கறவை நேரமாகிவிட்டது என்று எழுந்து போனாள்.

வெள்ளிக்கிழமை வரும்போது பையில் ஒரு கண்ணாடிப் பாட்டில் இருந்தது. மேஜையில் ரெண்டு சின்னத் தட்டு வைத்தாள். ஒன்றில் பாட்டிலிலிருந்து ஊற்றினாள். மற்றதில் தான் கலந்த பெயிண்டை ஊற்றினாள். ரெண்டையும் ஒரே மாதிரி சாய்த்து, எது எப்படி ஓடுகிறது என்று குனிந்து பார்த்தாள்.

“ரெண்டும் ஒண்ணாத்தான் ஓடுது. அப்புறம் ஏன் துப்புது இது?”

மாதவி எழுந்து வந்தாள். அந்தப் பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள். லேசாகச் சாய்த்தாள். பால் இறங்க மனசில்லாமல் இறங்கியது. கண்ணாடியில் சுண்ணாம்பு பூசின மாதிரி ஒட்டிக்கொண்டு நின்றது.

“அக்கா, இது என்னதுங்க?”

“என்ன கேள்வி? எங்க எருமைப் பாலு. காலையில கறந்தது.”

“நாலு நாளா இந்தப் பதத்துக்கா கலந்துட்டு இருந்தீங்க?”

“நீதான கண்ணு சொன்ன, தினமும் பாக்கற பாலுன்னு?”

மாதவி சிரிக்க ஆரம்பித்தாள். அதிகம் பேசாதவள் இப்படிச் சிரித்து அங்கே யாரும் பார்த்ததில்லை. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“நான் சொன்னது எங்க வீட்டுப் பாலுங்க்கா. காலையில பாக்கெட்டுல வருமே.”

“அதை எதுக்குக் கண்ணு பாலுங்கற?”

ஷாஜகான் பாய் மூக்கு மூடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார். றெக்கை கீழே விழுந்தது. அதையும் பார்க்காமல் சிரித்தார். பாவாத்தாளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கொஞ்ச நேரம் அந்த அறையில் வேலையே நடக்கவில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு மாதவி சொன்னாள். “உங்க பாலு ரொம்ப நல்ல பாலு. இந்தக் கருவிக்கு அது ஆகாது. இன்னும் கலக்கோணும். ஒண்ணுக்கு ஒண்ணு, ஒண்ணுக்கு ஒண்ணரை கூடப் போகும்.”

தின்னர் புட்டியையும் சொட்டுக் குழாயையும் அவள் பக்கம் நகர்த்தினாள்.

பாவாத்தாள் குழாயில் உறிஞ்சினாள். கிண்ணத்துக்கு மேலே பிடித்தாள். ஒரு சொட்டு விட்டாள். ரெண்டாவது சொட்டு விட்டாள்.

கை நின்றுவிட்டது.

“விடுங்க்கா.”

“விடறேன்.”

விடவில்லை. கட்டைவிரல் அழுத்த மாட்டேன் என்றது. அவள் மறு கையால் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள். அப்போதும் விழவில்லை.

“கண்ணு, நீ ஊத்து. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கறேன்.”

“நான் ஊத்துனா அது என் இஞ்சின். அப்புறம் கோகிலா கையில யாரு குடுக்கறது?”

பாவாத்தாள் குழாயைக் கீழே வைத்தாள். தின்னரைப் பார்த்தாள்.

“பேருதான் என்னமோ சொல்ற. பாத்தா தண்ணி. நான் தண்ணி கலக்காத கை கண்ணு. மாரியாத்தா சந்நிதியில வேண்டிக்கிட்டது. ஆயுசுக்கும் பால்ல ஒரு சொட்டுத் தண்ணி விட மாட்டேன்னு. இது பாலில்லை, பெயிண்ட்டுன்னு எனக்குத் தெரியுது. கைக்குத் தெரிய மாட்டேங்குது.”

பாய் சிரிக்கவில்லை. கீழே விழுந்த றெக்கையை மெதுவாக எடுத்து வைத்துக்கொண்டார்.

“நீ வாத்தியாரம்மா. நீயே சொல்லு” என்றாள் பாவாத்தாள். “கெட்டியா இருக்கறதுல தண்ணி ஊத்தறது கலப்படம் இல்லாம வேற என்ன?”

மாதவி ஏர் பிரஷ்ஷின் முனையைத் திருகிக் கழற்றினாள். நெல்மணி அளவு ஒரு பித்தளைத் துண்டு. அதைத் துடைத்து, பாவாத்தாளின் உள்ளங்கையில் வைத்தாள்.

“வெளிச்சத்துல புடிச்சுப் பாருங்க.”

பாவாத்தாள் ஜன்னல் பக்கம் போய், ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள்.

“ஓட்டை இருக்குதா?”

“இருக்குது. ஊசி குத்துன மாதிரி.”

“அதுதான் இதோட வாய்.”

“இத்துனூண்டா?”

“இத்துனூண்டுதான்.”

பாவாத்தாள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“அக்கா, அந்த வேண்டுதல் எப்ப வெச்சீங்க?”

“கோகிலா பொறந்தப்ப. எனக்கு விஷக் காய்ச்சல். தாய்ப்பால் நின்னு போச்சு. புள்ளைக்குப் பதினோரு நாள். குச்சியாட்டம் கெடக்குது. அன்னைக்குத்தான் போய் விழுந்தேன். இந்தப் புள்ளைய எந்திரிச்சு நடக்க வெச்சுரு தாயே, எங்கிட்ட இருக்கறது இந்த எருமையும் பாலுந்தான், அதுல பொய் பண்ண மாட்டேன்னு.”

“தாய்ப்பால் இல்லைன்னா புள்ள என்ன குடிச்சுது?”

“எருமைப் பாலுதான்.”

“அப்படியேவா?”

“அப்படியேவா! நல்லாக் கேட்ட போ. பதினோரு நாள் புள்ளைக்கு எருமைப் பாலை அப்படியே குடுத்தா தொண்டையில எறங்குமா, வயித்துல தங்குமா? அந்தக் காலத்து மருத்துவச்சி சொன்னபடி, ஒண்ணுக்கு ரெண்டு தண்ணி ஊத்தி, கொதிக்க வெச்சு, ஆற வெச்சு, சங்குல எடுத்து, சொட்டுச் சொட்டா...”

பாவாத்தாள் நிறுத்தினாள்.

கம்ப்ரஸர் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. பாய் எழுந்து போய் அதையும் அணைத்தார்.

மாதவி பித்தளைத் துண்டை அவள் கையிலிருந்து வாங்கி, திரும்ப மாட்டித் திருகினாள். கிண்ணத்தை அவள் முன்னால் வைத்தாள்.

பாவாத்தாள் ரொம்ப நேரம் அந்தக் கிண்ணத்தைப் பார்த்தாள். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினாள். மாரியாத்தா கோயில் இருக்கும் திக்கைப் பார்த்து ஒரு தடவை கையெடுத்தாள். சொட்டுக் குழாயை எடுத்தாள்.

“எவ்வளவு ஊத்தட்டும்?”

“வாயைப் பார்த்து ஊத்துங்க.”

அவள் ஊற்றினாள். ஒன்று, ரெண்டு என்று எண்ணவில்லை. ஊற்றிக் கலக்கி, கிண்ணத்தின் ஓரத்தில் ஏற்றி, அது இறங்குவதைப் பார்த்தாள். இன்னும் கொஞ்சம் ஊற்றினாள். ஸ்பூனில் அடித்தாள்.

துப்பவில்லை. ஆனால் ஓடிவிட்டது. பச்சைத் தண்ணீர் சிலந்திக்கால் மாதிரி நாலு பக்கமும் கிளை விட்டுப் போயிற்று.

“வயித்தால போகுது புள்ளைக்கு” என்றாள் பாவாத்தாள். “கொஞ்சம் கெட்டி பண்ணோணும்.”

பெயிண்ட் ஒரு குச்சி சேர்த்தாள். கிண்ணத்தின் ஓரத்தில் மறுபடி ஏற்றினாள். இந்தத் தடவை மெல்ல இறங்கி, பின்னால் லேசாக ஒரு படலம் விட்டுப் போயிற்று. யாரும் சொல்லாமலே தலையாட்டிக்கொண்டாள். ஸ்பூனை எடுத்தாள். அழுத்தினாள்.

மார்கழிக் காலையில் மூச்சு விட்டால் வருமே, அந்த மாதிரி வந்தது.

“அல்லாவே!” என்றார் பாய். “பால்காரம்மா ஊதறாங்க!”

“கண்ணு வெக்காதீங்க பாய். போய் உங்க றெக்கையத் தடவுங்க.”

சனிக்கிழமை இஞ்சினை எடுத்தாள். முதல் தடவை அடித்து முடித்ததும் அவள் முகம் வாடிவிட்டது. சாம்பல் நிறம் அப்படியேதான் இருந்தது. பச்சை எங்கேயோ சொப்பனத்தில் பார்த்த மாதிரி இருந்தது.

“ஒண்ணுமே ஒட்டலியே கண்ணு?”

“காயட்டுங்க்கா.”

காய்ந்ததும் இன்னொரு தடவை. அதுவும் காய்ந்ததும் இன்னொன்று. நடுவில் ஓடிப்போய்ப் பால் ஊற்றிவிட்டு வந்தாள். நாலாவது தடவையில் பச்சை, நான் வரட்டுமா என்று கேட்டது. ஏழாவது தடவையில் வந்து உட்கார்ந்துவிட்டது. காற்றுத் துவாரம் ஒவ்வொன்றும் திறந்தபடி இருந்தது. ஆணித்தலை ஒவ்வொன்றும் நின்றது. நெற்றியில் ஐந்து எண்ணும், பெயிண்ட் அடிக்கும் முன்னால் எப்படி இருந்தனவோ அப்படியே எழும்பி நின்றன. இடுப்பில் வெள்ளைப் பட்டையை ஒட்டி, எண்ணின் தலையில் மட்டும் வெள்ளையைத் தொட்டு வைக்கச் சொல்லிக் கொடுத்தாள் மாதவி.

பாவாத்தாள் அதைப் பால் துணியில் சுற்றி, கைக்குழந்தையை ஏந்துகிற மாதிரி ஏந்திக்கொண்டு படி இறங்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை கோகிலா வந்தாள். சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் இஞ்சின் நின்றது.

அவள் தட்டைப் பார்க்கவில்லை. இஞ்சினைத் தூக்கிக் கண்ணுக்கு நேராகப் பிடித்தாள். நெற்றியில் விரலை வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டு, எண்ணை ஒவ்வொன்றாகத் தடவித் தடவிச் சொன்னாள். ஐந்தும் சரியாக இருந்தன.

“யாரும்மா அடிச்சது?”

“நாந்தான்.”

“பொய் சொல்லாத. இவ்வளவு மெல்லிசா எப்படி வந்துச்சு?”

“தண்ணி கலந்தேன்.”

கோகிலாவுக்கு வாய் திறந்தபடி நின்றது. “நீயா? தண்ணியா?”

“நானேதான். உனக்கும் கலந்துதான் ஊத்தியிருக்கறேன். சோறு ஆறுது, உக்காரு.”

சாப்பிடும்போது கோகிலா சொன்னாள். “நாளைக்குக் காலையில ஏழேகாலுக்கு நான் சரக்கு வண்டி எடுக்கறேன். உங்க வாத்தியாரம்மா மாடியத் தாண்டித்தான் போவேன்.”

“அங்க வந்தா ஊது.”

“வளைவு இருக்குதில்ல, எப்படியும் ஊதித்தான் ஆகோணும். சட்டம்.”

“சட்டத்துக்கு ஒண்ணு ஊது. எனக்கு ஒண்ணு ஊதக் கூடாதா?”

“அப்படியெல்லாம் ஊதக் கூடாதும்மா” என்று சொல்லிவிட்டு, இஞ்சினை மடியில் வைத்துக்கொண்டே சாப்பிட்டாள் கோகிலா.

திங்கட்கிழமை காலை. மாதவி வீட்டுக்கு அன்றிலிருந்து அரை லிட்டர். பாவாத்தாள் படியேறி வந்து பாலை அளந்து ஊற்றினாள். ஊற்றிவிட்டு உடனே போகவில்லை. பால் அளக்கும் படியைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் நின்றாள்.

“கண்ணு, ஒண்ணு கேக்கட்டுமா?”

“கேளுங்க்கா.”

“ராத்திரி புள்ள தூங்குன பொறகு அந்த இஞ்சினைத் தடவித் தடவிப் பாத்தேன். நெறம் இருக்குது. எண்ணு இருக்குது. ஈரமே இல்லை. அத்தனை தண்ணி ஊத்துனனே, அதெல்லாம் எங்க போச்சு?”

மாதவி பால் பாத்திரத்தை மூடி வைத்தாள்.

தண்டவாளம் முனகியது. வளைவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து பச்சை நெற்றி தெரிந்தது. ஹாரன் ஒரு தடவை நீளமாக ஒலித்தது. அது சட்டத்துக்கு. இஞ்சின் வளைவு திரும்பி, மாடிக்கு நேராக வந்தது. அதன் ஜன்னலில் கோகிலாவின் முழங்கை. நிமிர்ந்த தலை. பின்னால் ஐம்பத்தெட்டுப் பெட்டி.

அப்புறம், தேவையே இல்லாத இடத்தில், சின்னதாக இன்னொரு ஹாரன்.

மாதவி அந்தச் சத்தம் அடங்கும் வரை பொறுத்தாள்.

“பதினோரு நாள் புள்ளைக்கு ஒண்ணுக்கு ரெண்டு ஊத்துனீங்களேக்கா” என்றாள். “அந்தத் தண்ணி எங்க போச்சு?”

பாவாத்தாள் கடைசிப் பெட்டி மறைகிற வரைக்கும் பால் படியை உயரத் தூக்கி ஆட்டிக்கொண்டே இருந்தாள்.